விக்கல்காரி

பிப்ரவரி 6

அன்புள்ள பொத்தானுக்கு,

நீயும் உன் மனைவியும் குட்டியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லாவிட்டாலும் சுகம் என்றே எழுது, மீதியை நான் கண்டுபிடித்துக்கொள்கிறேன். நான் சுகம். மூக்கு மட்டும் இருக்கிற இடம் தெரியவில்லை. அப்படி ஒரு குளிர்.

போனில் பேசலாமே என்றாய். போனில் நீ "ம்", "சரிக்கா" இரண்டையும் வைத்தே ஒரு வருஷத்தை ஓட்டிவிடுவாய். ஐந்து வயதில் சட்டைப் பொத்தானை விழுங்கினாயே, அதிலிருந்தே உன் தொண்டையில் பேச்சு சரியாக வருவதில்லை. கடிதம் போடு.

கட்டிங் மாஸ்டர் என்று சொல்லித்தான் என்னை இந்தச் சட்டைத் தொழிற்சாலைக்குக் கூட்டிவந்தார்கள். வந்த மறுநாள் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கத்தரியைக் கொடுத்து, தைத்து வரும் சட்டைகளில் நூல் பிசிறு வெட்டச் சொல்லிவிட்டார்கள். நம் கடையில் புதுத் துணியில் முதல் கத்தரி வைத்தவள் நான். இங்கே நான் கடைசிக் கத்தரி. இருக்கட்டும், எத்தனை நாளைக்கு என்று பார்க்கிறேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு கணக்கு டீச்சர். நம் நாட்டுக்காரிதான். படித்த படிப்புக்கு அங்கே வேலை இல்லாமல் இங்கே சட்டை மடிக்கிறாள். அவளிடம் நம் விக்கல்காரியைப் பற்றிச் சொன்னேன். ஜன்னலோரத்து மெஷின், நன்றாக ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று ஒரு தையலைத் தாண்டிவிடும், எப்போது விக்கும் என்று அதற்கே தெரியாது, அப்பா "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு அந்த இடத்தைக் கையால் தைத்து மூடுவார் என்றேன். டீச்சர் சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்புறம் அழுதுவிட்டாள். யாரை நினைத்தாளோ, நான் கேட்கவில்லை.

தம்பி, போர்டுக்கு நீளம் பார்த்து வரி, மெஷினுக்குத் தலையை எண்ணி வரி, துணிக்கு வரி, அதைத் தைத்தால் அதற்குத் தனியாக ஒரு வரி. இனி அந்தக் கடையில் இரண்டு பேர் பிழைக்க முடியாது, ஒருவர் பிழைக்கலாம் என்றுதான் நான் கிளம்பினேன். நீ குடும்பஸ்தன், நான் ஒண்டிக்கட்டை. அதனால் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். கடைக் கதவு தினமும் திறக்க வேண்டும். நான் திரும்பி வரும்போது என் வெட்டு மேசை அங்கேயே இருக்க வேண்டும்.

குட்டிக்கு அத்தையின் முத்தம்.

உன் அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். உன் மூக்கு சுகமா என்று குட்டி கேட்கச் சொன்னாள்.

கடை திறந்திருக்கிறது. போன வாரம் வரி அலுவலகத்து ஆள் போர்டை அளக்க வந்தார். 'அக்கா தம்பி தையலகம்' என்று மூன்று தகட்டையும் சேர்த்துச் சத்தமாகப் படித்தார். "அக்காதான் ஊர்ல இல்லையே. அந்தத் தகட்டைக் கழட்டிடுங்க. நீளம் குறையும், வரியும் குறையும்" என்றார். நல்ல மனுஷன், நம் நன்மைக்குத்தான் சொன்னார். "அக்கா ஊர்லதான் இல்ல சார், கடையில இருக்காங்க" என்றேன். உள்ளே எட்டிப் பார்த்தார். உன் மேசையையும் அதன்மேல் உன் கத்தரியையும் பார்த்துவிட்டு முழு நீளத்துக்கே எழுதிக்கொண்டு போனார்.

தெருவில் பாதிக் கதவு பூட்டிக் கிடக்கிறது. செருப்புக் கடைக்காரர் போய்விட்டார். ரேடியோ ரிப்பேர்காரரின் மகன், வேலை தேடியே முடி நரைத்தவன், அவனும் போய்விட்டான். புதுத் துணி தைக்க யாரும் வருவதில்லை. பயணப் பைக்கு ஜிப் மாற்றத்தான் வருகிறார்கள். ஊரே போகிறது, நான் ஜிப் போட்டு அனுப்பி வைக்கிறேன்.

விக்கல்காரி நேற்று ஒரே ஜிப்பில் நாலு தடவை விக்கினாள். நீதானே?

உடம்பைப் பார்த்துக்கொள் மாஸ்டர்.

உன் தம்பி


ஏப்ரல் 11

அன்புள்ள பொத்தானுக்கு,

மூக்கு கிடைத்துவிட்டது என்று குட்டியிடம் சொல். நான் நலம். எப்படிப்பட்ட நலம் என்று கேள்.

எங்கள் மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் விசில். தினமும் காலையில் அவர் முன்னால் போய் நின்றேன். எனக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு என் மொழி தெரியாது. வெட்டு மேசையைக் காட்டுவேன், என்னைக் காட்டுவேன். அவர் தலையாட்டிவிட்டு விசில் ஊதுவார். மறுநாளும் போய் நிற்பேன். கடைசியில் ஒருநாள் கையில் பெரிய கத்தரியோடு போய் நின்றேன். மனுஷன் பயந்துவிட்டார் என்று டீச்சர் சொல்கிறாள். எதுவோ, மேசையைக் கொடுத்துவிட்டார். இப்போது உன் அக்கா மறுபடியும் முதல் கத்தரி. காலரைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

ஒரு கோட்டு தைத்து அனுப்பு. இங்கே விற்கும் கோட்டுகளில் என் தோள் ஒரு பக்கமும் கோட்டின் தோள் இன்னொரு பக்கமும் போகிறது. தையல்காரி ஒருத்தி கடையில் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்தால் அதைவிடக் கேவலம் வேறென்ன? என் அளவு உனக்கு மனப்பாடம். நம் கடையில் தைத்தது என்று எல்லோரிடமும் காட்ட வேண்டும்.

பள்ளிச் சீருடைக் காலம் வருகிறதே, இந்த வருஷம் எத்தனை பள்ளி? சொல்லவே இல்லையே.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா


ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம். மன்னித்துக்கொள். எல்லோரும் சுகம்.

கோட்டை இன்று தபாலில் போட்டுவிட்டேன். உன் வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் இறக்கம் என்பதைப் பார்த்துத் தைத்திருக்கிறேன். வரி இன்னொரு தடவை ஏறியிருக்கிறது. மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை.

நீ மேசையைப் பிடித்ததைக் குட்டி அக்கம்பக்கம் எல்லாம் சொல்லிவிட்டாள். "எங்க அத்தை கத்தரியைக் காட்டி வேலை வாங்கினாங்க" என்கிறாள். அவர்கள் என்ன நினைத்தார்களோ.

உன் தம்பி


ஜூலை 20

அன்புள்ள பொத்தானுக்கு,

உன் கடிதம் கோட்டின் பையில் கைக்குட்டை அளவுக்கு இருந்தது. சுகமாக இருக்கிறாய் என்று அதில் எழுதியிருந்தாய். சரி.

கோட்டைப் பற்றி முதலில் சொல்கிறேன். தம்பி, அது கோட்டு! தோளில் அப்படியே உட்கார்ந்தது. அறையில் உள்ள எல்லோரும் வரிசையில் நின்று போட்டுப் பார்த்தார்கள். காஜாவைத் தடவிப் பார்த்து, கையால் போட்டதா என்று கேட்டார்கள். "என் தம்பி" என்றேன். அந்த வார்த்தை இங்கே எல்லோருக்கும் பாடமாகிவிட்டது. விசில்கூட என் தோளைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஊதாமல் போனார். அதற்குமேல் பாராட்டு அவரிடம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை கோட்டை உள்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். விக்கல் எங்கே என்று தேடினேன். முதுகுத் தையலில் இல்லை. கையில் இல்லை. லைனிங்கிலும் இல்லை. நீ கையால் மூடிய இடம் ஒன்றுகூட இல்லை. கழுத்திலிருந்து கீழ்வரை ஒரே ஓட்டம். இவ்வளவு நீளக் கோட்டில் அவள் ஒருதடவைகூட விக்கவில்லையா? யாருமே நினைக்காத கோட்டா இது?

விக்கல்காரிக்கு என்ன ஆயிற்று?

உன் அக்கா


ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? இங்கு நலம்.

விக்கல்காரியைப் புது மெக்கானிக் ஒருவர் சரிசெய்துவிட்டார். இப்போது விக்குவதில்லை. நீ கவலைப்பட ஒன்றும் இல்லை.

குட்டி எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள்.

உன் தம்பி


செப்டம்பர் 1

பொத்தானுக்கு,

நான் நலம். நீ நலமில்லை.

அப்பா கூட்டிவந்த மெக்கானிக் அவளிடம் தோற்றான். நான் கூட்டிவந்தவன் தோற்றதோடு, அவள்மேல் கோபித்துக்கொண்டு ஸ்குரூ டிரைவரையே விட்டுவிட்டுப் போனான். இப்போது எங்கிருந்தோ ஒருவர் வந்து சரிசெய்தாராம். யார் அந்த மகராசன்? நீ பொய் சொல்லும்போது உன் கடிதம் நெஞ்சோடு ஒட்டின சட்டை மாதிரி இறுகிவிடுகிறது. சீருடைக்கு எத்தனை பள்ளி என்று கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று? அதற்கும் பதில் இல்லை.

நான் வாதாடப் போவதில்லை. சரியான மெஷினில் ஒரு கைக்குட்டைக்கு நாலு ஓரமும் மடித்துத் தைத்து அனுப்பு. போதும்.

உன் மனைவிக்கும் குட்டிக்கும் அன்பு. உனக்குக் கைக்குட்டை வந்த பிறகு.

அக்கா


அக்டோபர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள். உடம்புக்கு யாருக்கும் ஒன்றும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கைக்குட்டையை வெட்டி எடுத்தேன். கையாலேயே மெஷின் தையல் மாதிரி ஓட்டி, நடுநடுவே ஒரு தையலைத் தாண்டி மூடி, விக்கல் மாதிரியே செய்து அனுப்பிவிடலாம் என்றுகூட உட்கார்ந்தேன். உன் தம்பிக்கு அந்தக் கைவேலை தெரியும். என் மனைவி பார்த்துவிட்டாள். "அண்ணிகிட்ட எத்தனை நாளைக்குங்க இப்படி? துணியே காட்டிக் கொடுத்துடுது. நீங்க எதுக்கு மூடறீங்க?" என்றாள். ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

கடையை மே மாதம் மூடிவிட்டேன் அக்கா.

சீருடைக்கு ஒரு பள்ளியும் வரவில்லை. பெற்றோர்களுக்கே வேலை இல்லை, பழையதையே பிரித்துப் பெரிதாக்கிப் போடுகிறார்கள். ஜிப் வேலை இருந்தது. பிறகு அதுவும் இல்லை, போக வேண்டியவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். வரி மட்டும் தவறாமல் வந்தது. மெஷின்களையும் உன் மேசையையும் கொடுத்துவிட்டேன். விக்கல்காரியை வாங்க வந்தவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, கீழே இருந்த இரும்புக் காலையும் மிதியையும் மட்டும் எடுத்துக்கொண்டார். தலை நம் வீட்டு அடுக்களையில், போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. உன் கோட்டை நான் வேலைக்குப் போன ரெடிமேட் கம்பெனி மெஷினில், சாப்பாட்டு வேளையில் தைத்தேன். நல்லா தைக்க வேண்டும், நல்லா தைக்க வேண்டும் என்று நினைத்ததில், விக்கல் இல்லாதது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கம்பெனியும் போன மாதம் ஆட்களை நிறுத்திவிட்டது. இப்போது வீட்டில் இருக்கிறேன்.

அந்தக் கதவுக்காகத்தானே நீ போனாய்? நீ போய்ச் சேர்ந்து, கத்தரியைத் தூக்கி நின்று மேசையைப் பிடித்ததாக எழுதினாய். நான் இங்கே மேசையைக் கொடுத்துவிட்டதாக எப்படி எழுதுவேன்?

போர்டைக் கொடுக்கவில்லை. மூன்று தகட்டையும் கழட்டி வந்து வீட்டுக்குள் மாட்டியிருக்கிறேன். உள்ளே மாட்டினால் வரி இல்லை. குட்டி அதைப் பார்த்துத்தான் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டாள். அவள் முதலில் படித்த வார்த்தை 'அக்கா'.

வெட்டின கைக்குட்டையைத் தைக்காமலே அனுப்புகிறேன்.

உன் தம்பி


நவம்பர் 3

என் அன்புத் தம்பிக்கு,

நான் நலம். நன்றாக அழுதேன், நன்றாகத் திட்டினேன், இப்போது நலம். திட்டியதை டீச்சர் கேட்டுக்கொண்டாள், உனக்குப் பதிலாக அவளே தலையைக் குனிந்துகொண்டாள்.

கடை போனதற்குத் திட்டவில்லை. மே மாதத்திலிருந்து நீ தனியாக அதைச் சுமந்துகொண்டு, எனக்குக் கோட்டு தைத்து அனுப்பினாய் பார், அதற்குத்தான். கடை போன வயிற்றெரிச்சலோடு தைத்த கோட்டில் ஒரு சுருக்கம் இல்லை. அதைப் போட்டுக்கொண்டு தெருவில் எத்தனை பெருமையாக நடந்தேன். இப்போது இரண்டு மடங்கு பெருமையாக நடக்கிறேன். எனக்குத் தெரிந்த தையல்காரர்களில் நீதான் பெரியவன். இதைப் போனில் சொல்லியிருந்தால் "ம்" என்றிருப்பாய்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் கோட்டைப் பார்த்துத் தெருவில் மூன்று பெண்கள் என்னை நிறுத்தி, எங்கே தைத்தது என்று சைகையில் கேட்டார்கள். தொழிற்சாலை முடிந்து அறைக்கு வந்து அவர்களுக்கு வெட்டித் தைத்துக் கொடுத்தேன். அவர்கள் இன்னும் பலரைக் கூட்டிவந்தார்கள். நானும் டீச்சருமாகச் சலவைக்கடையை ஒட்டி ஒரு முன்னறை பிடித்திருக்கிறோம். குறுகல்தான், ஆனால் தெருவைப் பார்த்து ஜன்னல் இருக்கிறது. நான் வெட்டுகிறேன், டீச்சர் கணக்குப் பார்க்கிறாள். தைக்கத்தான் ஆள் இல்லை. இங்கே எத்தனையோ பேர் தைப்பார்கள். எனக்கு என் தம்பி வேண்டும்.

குடும்பத்தோடு கிளம்பு. காகிதங்களை டீச்சர் தனியாக அனுப்புகிறாள். கதவு திறந்திருக்க வேண்டும் என்றுதானே கேட்டேன்? எந்தத் தெருவில் என்று சொல்லவில்லையே.

விக்கல்காரியை விட்டுவிட்டு வராதே. போர்டையும் கொண்டு வா. இங்கே போர்டுக்கு வரி உண்டா என்று விசாரித்தேன். உண்டாம். ஆனால் நீளமோ குட்டையோ ஒரே வரிதான். அதனால் பெயர் முழுவதும் வரட்டும்.

மூவருக்கும் அன்பு, இந்தத் தடவை உனக்குத்தான் முதலில்.

உன் அக்கா


ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். காகிதங்கள் வந்துவிட்டன. ஏப்ரலில் புறப்படுகிறோம். என் பையின் ஜிப்பை நானே மாற்றிக்கொண்டேன்.

விக்கல்காரியை முன்னதாகக் கப்பலில் அனுப்பிவிட்டேன். பெட்டியில் இடம் இருந்ததால் 'அக்கா' தகட்டையும் கூடவே வைத்தேன். மற்ற இரண்டும் எங்களோடு வரும்.

நடந்ததைச் சொல்ல வேண்டும். நீ திட்டுவாய், தெரிந்துதான் எழுதுகிறேன்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் சாமானுக்கும் வரி உண்டு. துறைமுகத்தில் அதை எழுதும் அதிகாரி, மெஷின் ஓடுமா என்று கேட்டார். மேசைமேல் வைத்து, துணித்துண்டு ஒன்றைக் கொடுத்து, கையால் சக்கரத்தைச் சுற்றினேன். எத்தனையோ மாதம் கழித்து ஓடுகிறாள். கொஞ்ச தூரம் போய், விக்கினாள். அவர் தையலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பழைய இரும்பு, மதிப்பு இல்லை, வரி இல்லை" என்று சொல்லிக்கொண்டே எழுதி, முத்திரையைக் கையில் எடுத்தார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. "சார், கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன்.

"என்னங்க?"

"மதிப்பு இல்லைன்னு எழுதாதீங்க."

"வரி இல்லைன்னுதானே எழுதறேன். உங்களுக்கு லாபம்தானே?"

"இந்த மெஷின்ல தச்ச சட்டையைப் போட்டுக்கிட்டுத்தான் சார் எங்க ஏரியாவுல முக்கால்வாசிப் பேர் பள்ளிக்கூடம் போனாங்க. எங்க அப்பாவும் அக்காவும் நானும் இதுலதான் சாப்பிட்டோம். தையல் மெஷின்னு எழுதுங்க. வரி எவ்வளவோ, நான் கட்டறேன்."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். அதிகாரி என்னை நன்றாகப் பார்த்தார். "வரி கட்ட முடியாமத்தானே எல்லாரும் ஊரை விட்டுப் போறீங்க?" என்றார்.

"ஆமா சார். அது வேற."

என் மனைவி இடுப்பில் கிள்ளப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் கைப்பையைத் திறந்து அவளே எடுத்து வைத்தாள். ரசீதுக்குப் பெயர் கேட்டார். கடையின் பெயர் முழுவதையும் சொன்னேன். "கட்டத்துல இடம் பத்தாது, 'அக்கா'வை விட்டுட்டு எழுதட்டுமா?" என்றார். கட்டத்துக்கு வெளியே எழுதச் சொன்னேன். எழுதினார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "நல்லபடியா போயிட்டு வாங்க" என்றார்.

இந்த ஊரில் நான் எத்தனையோ வரி கட்டியிருக்கிறேன் அக்கா. தலை நிமிர்ந்து கட்டியது இது ஒன்றுதான்.

உன் தம்பி


மார்ச் 12

என் முட்டாள் பொத்தானுக்கு,

இந்தக் கடிதம் நீ புறப்படுவதற்குள் வந்து சேர வேண்டும். நான் நலம், டீச்சர் நலம், கோட்டு நலம்.

வரி வேண்டாம் என்றவனிடம் வலியப் போய் வரி கட்டிய ஆளை உலகத்தில் எங்கேயாவது பார்த்திருக்கிறாயா என்று டீச்சரிடம் கேட்டேன். "உன் தம்பி" என்றாள், நான் சொல்லிச் சொல்லிப் பழக்கிய அதே ராகத்தில். உன் கடிதத்தை அறை முழுக்கப் படித்துக் காட்டியாயிற்று. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், என்ன, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் செய்திருப்பேன். ரசீதைக் கசக்காமல் கொண்டு வா. கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும்.

பெட்டி நேற்று வந்தது. 'அக்கா' தகட்டை வாசலில் அடித்துவிட்டேன். பக்கத்தில் உனக்கும் தையலகத்துக்கும் இடம் விட்டு ஆணியும் அடித்து வைத்திருக்கிறேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் அந்தக் காலி இடத்தைத்தான் பார்க்கிறார்கள்.

விக்கல்காரிக்கு இங்கே ஒரு மேசை கிடைத்தது. எண்ணெய் விட்டு, நீ தைக்காமல் அனுப்பிய அந்தக் கைக்குட்டையை எடுத்து ஓரம் மடித்து ஓட்டினேன். கடல் தாண்டி வந்த களைப்பே இல்லை அவளுக்கு. ஆனால் ஓர் ஓரம் முடிவதற்குள் அத்தனை விக்கல். கையால் மூடி மூடி எனக்கு விரல் வலிக்கிறது.

நினைத்தது போதும். வந்து சேர்.

உன் அக்கா